கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால்தான் ஐ.டி. வேலையா? பரவும் தகவல் தவறு

பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது: “கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை மட்டுமே ஐ.டி. கம்பெனிகள் எடுக்கும். மெக்கானிக்கல், சிவில், பி.எஸ்சி. என்றால் விண்ணப்பமே செல்லாது.”

இது உண்மையில்லை. டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் மெக்கானிக்கல், சிவில் உட்படப் பல பிரிவுப் பொறியாளர்களையும் எடுக்கின்றன. விப்ரோ பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்து, வேலையோடு எம்.டெக்.கும் படிக்க வைக்கிறது. ஜோஹோவின் பயிற்சிப் பள்ளிக்குப் பட்டமே தேவையில்லை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்கள் சேரலாம். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட பிரிவுகளை மட்டும் கேட்பதும் உண்டு. எதுவானாலும் அந்தந்த நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் தகுதி விவரம் இருக்கும். கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்திலும் கேட்கலாம்.

ஐ.டி. வேலையும் எந்தப் பிரிவினரும் கற்றுச் செய்யக்கூடியதுதான். “பட்டனை இரண்டு முறை தட்டினேன், பணம் இரண்டு முறை போய்விட்டது” என்று பணம் செலுத்தும் ஆப் பற்றி ஒரு புகார் வரும். ஆப்பில் நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் லாக் (log) கோப்பைப் புரட்டி, யாரோ எப்போதோ எழுதிய நிரலை (code) வரிவரியாகப் படித்து, காரணத்தைப் பிடித்து, திருத்தி, டெஸ்ட் செய்து, சக ஊழியரின் ஒப்புதல் வாங்க வேண்டும். புதிதாக நிரல் எழுதுவதைவிட இந்தத் தேடலுக்கே பல நாட்களில் அதிக நேரம் போகும். இதற்குத் தேவையான பொறுமையும் பயிற்சியும் எந்தப் பிரிவு மாணவருக்கும் வரும்.

இந்தச் செய்தியை நம்பி, நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கும் குடும்பங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. தயவுசெய்து அந்தத் தவறான செய்தியை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். உங்கள் குழுவில் வந்திருந்தால் இந்த விளக்கத்தை அங்கே போடுங்கள்.