ஒரே சொல், இரண்டு எடை

இலண்டனில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் மாதம், அலுவலகத்தில் எனக்குக் கீழே பணியாற்றிய இளம்பெண் ஒருத்தி, தான் எழுதிய அறிக்கையைப் படித்துப் பார்க்கும்படி தந்தாள். இருபத்திரண்டு பக்கங்கள். ஏழாம் பக்கத்து அட்டவணையின் கூட்டுத்தொகை அதற்கு மேலிருந்த வரிகளோடு ஒத்துப்போகவில்லை. முடிவுரையோ முன்னுரையையே வேறு சொற்களில் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது. அறிக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'குவைட் குட்' என்று தொடங்கி, ஏழாம் பக்கத்தை நேரம் கிடைத்தால் ஒரு தடவை பார்க்கலாம் என்று முடித்தேன். இலண்டனில் என் மேலாளர் இப்படிச் சொல்லியிருந்தால் அன்று நாங்கள் இரவு எட்டு மணிக்கு முன்னர் வீட்டுக்குப் போயிருக்க மாட்டோம். இவளோ முகம் மலர நன்றி சொன்னாள். அரை மணி நேரத்தில் அறிக்கை வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. நேரம் கிடைக்கவில்லை என்பதால் ஏழாம் பக்கம் இருந்தபடியே இருந்தது.

அவள் மீது எந்தப் பிழையும் இல்லை. 'குவைட்' என்ற சொல் பிரித்தானியரின் வாயில் 'ஓரளவுக்கு' என்று பொருள்படும். வட அமெரிக்கரின் காதில் அது 'மிகவும்' என்று விழும். 'ஓரளவு தேறும்' என்று நான் சொன்னதை 'மிக நன்று' என்று அவள் வாங்கிக்கொண்டாள். நாங்கள் இருவரும் பேசியது ஒரே மொழி என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் நடந்தது.

இரு கரைகளின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் உடனே பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே லிப்ட், இங்கே எலிவேட்டர். அங்கே பேவ்மென்ட், இங்கே சைட்வோக். அங்கே நாப்பி, இங்கே டயப்பர். எனக்கு இந்தப் பட்டியல்களில் பெரிய மரியாதை கிடையாது. தெரியாத சொல் ஒன்று தான் தெரியாத சொல் என்பதை மறைப்பதில்லை. காதில் விழுந்தவுடன் விழிக்கிறோம், கேட்கிறோம், அடுத்த முறை நாமே சொல்கிறோம். ஒரு வாரத்தில் அலுவல் முடிந்துவிடும். ஏமாற்றுபவை, இரண்டு பக்கமும் இருந்துகொண்டு வேறு வேறு பொருளைச் சுமக்கின்ற சொற்கள்தான். அவற்றைக் கேட்கும்போது நாம் விழிப்பதில்லை, தலையாட்டுகிறோம்.

'பப்ளிக் ஸ்கூல்' ஓர் உதாரணம். கனடாவில் அது பக்கத்துத் தெருவில் இருக்கும், கட்டணம் இல்லாத அரச பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் அந்தப் பெயருக்குரியவை ஈட்டன், ஹாரோ போன்ற, பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிகள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பணம் கட்டக்கூடியவர் எவருக்கும் கதவு திறந்திருந்ததால் அவை ஒரு காலத்தில் 'பப்ளிக்' ஆயின. அந்த ஹாரோப் பள்ளி இருக்கும் இலண்டன் பகுதிக்கும் ஹாரோ என்றுதான் பெயர்; அங்கே நம்மவர் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். அங்கே வளர்ந்த என் மருமகன் இங்கே வந்து, "நான் போனது பப்ளிக் ஸ்கூல் இல்லை" என்று அடக்கமாகச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கோடீஸ்வரனின் மகன் என்று நினைத்தார்கள்.

அளவைகளும் அப்படித்தான். பிரித்தானிய பைன்ட் 568 மில்லிலீற்றர், அமெரிக்க பைன்ட் 473. பிரித்தானிய கலன் நாலரை லீற்றருக்குச் சற்றுக் கூட, அமெரிக்கக் கலன் 3.8 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. முதலாம் மாடி என்பது ஓரிடத்தில் படியேறிப் போக வேண்டியது, மற்ற இடத்தில் தெருவிலிருந்து நேரே உள்ளே நுழைவது. இவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு தடவை ஏமாந்தால் போதும்.

தேதிதான் என்னைப் பல ஆண்டுகளாக வதைக்கிறது. 04/05 என்று எழுதினால் இலண்டனில் அது மே மாதம் நான்காம் நாள். நியூ யோர்க்கில் ஏப்ரல் ஐந்தாம் நாள். கனடாவில் எழுதியவரின் மனநிலையைப் பொறுத்தது. பிரித்தானிய முறையும் அமெரிக்க முறையும் இங்கே ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் வாழ்கின்றன. உணவுப் பொதிகளில் இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக மாதத்தை இரண்டு எழுத்துகளில் குறிக்கும் முறை ஒன்றை இங்கே வைத்திருக்கிறார்கள். மே மாதத்துக்கு எம்.ஏ., மார்ச்சுக்கு எம்.ஆர். வந்த புதிதில் ஒரு தயிர் டப்பாவைக் கையில் எடுத்து, அதன் மூடியில் 'எம்.ஏ.' என்று இருந்ததைப் பார்த்து, இந்த நாட்டில் தயிருக்கும் பட்டம் கொடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அதை இன்றுவரை உறவினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

'விலை' என்ற சொல்லுக்குக்கூட இரண்டு பொருள் உண்டு என்பதைக் குடை வாங்கப் போன இடத்தில் கற்றேன். 15 டொலர் என்று ஒட்டியிருந்தது. கையில் சரியாக 15 டொலரை எண்ணி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்; காசாளர் 16.95 என்றார். இலண்டன் கடையில் 20 விழுக்காடு வற் வரி ஒட்டிய விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், வாங்குபவர் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் 13 விழுக்காடு வரி பணம் கட்டும் இடத்தில்தான் தலைகாட்டும். வரி எவ்வளவு என்று குடிமகனுக்குத் தெரிய வேண்டும் என்பது இந்த முறைக்குச் சொல்லப்படும் நியாயம். எனக்கு அது இன்னும் உடன்பாடில்லை. பின்னால் மூன்று பேர் காத்து நிற்க, பையைத் துழாவிக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில் எனக்கு வரிக் கொள்கை பற்றி எந்த ஞானமும் பிறக்கவில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். எங்கோ ஓரிடத்தில் தாமாகவே வெளிப்பட்டுவிடும். நான் உண்மையில் அஞ்சுவது, வெளியே தெரியாமல் உறவையும் வேலையையும் அரித்துவிடும் சொற்களைத்தான். 'ஸ்கீம்' என்ற சொல் பிரித்தானியாவில் வெறுமனே திட்டம். ஓய்வூதியத் திட்டத்தை அங்கே அரசாங்கமே 'பென்ஷன் ஸ்கீம்' என்று அழைக்கும். என் தற்குறிப்பில் 'பல பென்ஷன் ஸ்கீம்களை நடத்தியவர்' என்று பெருமையோடு எழுதியிருந்தேன். வேலை தேடித் தரும் பெண்மணி ஒருவர் அதைப் படித்துவிட்டு, இதை 'பிளான்' என்று மாற்றுங்கள், இப்போது படித்தால் நீங்கள் முதியவர்களின் பணத்தைச் சுருட்டியவர் போல இருக்கிறது என்றார். இங்கே 'ஸ்கீம்' என்றால் சூழ்ச்சி என்ற வாடைதான் முதலில் வரும்.

அதைவிட மோசமானது 'ஹோம்லி'. நம் திருமண விளம்பரங்களில் இந்தச் சொல் எவ்வளவு பெருமையோடு வாழ்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பிரித்தானியரும் அதை இதமான, வீட்டைப் போன்ற என்ற நல்ல பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் தாயாரை எனக்கு அறிமுகப்படுத்தியபோது, அந்த அம்மா தன் கையால் சுட்ட கேக்கை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். நெகிழ்ந்துபோன நான் மகளிடம், "உன் அம்மா எவ்வளவு ஹோம்லி" என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வட அமெரிக்காவில் அந்தச் சொல்லை மனிதருக்குச் சொன்னால் அழகில்லாதவர் என்று பொருள் என்பதை நான் அறிந்தபோது கேக் சாப்பிட்டு ஆறு வாரங்கள் ஆகியிருந்தன.

சில இடங்களில் இதன் விலை கேக்கோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியத் தளபதிகள் ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். உடனே எடுத்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கரிடத்தில் அதே சொல் ஒத்திவைப்பது என்று பொருள்படும். அவ்வளவு முக்கியமான விடயத்தை ஒத்திவைக்கக் கூடாது என்று அமெரிக்கர் வாதிட, நீண்ட நேரம் சூடாகச் சண்டை பிடித்த பிறகுதான் இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்தது. இதைப் பதிவுசெய்தவர் சேர்ச்சில். இன்றும் கனடிய நாடாளுமன்றத்தில் 'டேபிள்' என்றால் பிரித்தானியப் பொருள்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தின் அமெரிக்கக் கிளையோடு கூட்டம் நடக்கும்போது அதற்கு நேர் எதிர். நாங்கள் அந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டோம்.

இன்னொரு கதை இராணுவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. 1951 ஏப்ரலில் கொரியப் போரில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்று பெருந்திரளான சீனப் படையால் சூழப்பட்டுக்கொண்டிருந்தது. நிலைமை எப்படி என்று அமெரிக்க மேலதிகாரி கேட்டபோது பிரித்தானியத் தளபதி புரோடி, 'கொஞ்சம் சிக்கல்தான், ஐயா' என்ற தொனியில் பதில் சொன்னாராம். ஒரு பிரித்தானியர் காதில் அது கூக்குரல். அமெரிக்கரோ, சிரமம்தான், ஆனால் சமாளிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பிரிவின் குளொஸ்டர்ஷயர் படையணியினர் குன்றின் மேலேயே விடப்பட்டார்கள். 500க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரு போரின் முடிவை ஒரே வாக்கியத்தின் மேல் சுமத்துவது சரியில்லை, அங்கே வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்த உரையாடலின் இரு முனைகளிலும் நான் இருந்திருக்கிறேன் என்பதால், அது அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரித்தானியர் எதையும் இரண்டு படி இறக்கிச் சொல்வார்கள், வட அமெரிக்கர் இரண்டு படி ஏற்றிச் சொல்வார்கள். இலண்டனில் 'நொட் பாட்' என்றால் பாராட்டு, 'இன்ரறெஸ்டிங்' என்றால் பெரும்பாலும் எதிர்ப்பு. இங்கே பேனாவை எடுத்துக் கொடுத்தாலும் 'ஓசம்' என்கிறார்கள். எனவே வெறும் 'குட்' என்று சொன்னால் என்ன குறை என்று கேட்கிறார்கள். நம்மவர்களுக்கு இலண்டன் எளிதாகப் பிடிபட்டதற்கு ஒரு காரணம் நம் வீட்டிலேயே இருந்தது. என் அப்பா வாழ்நாள் முழுவதும் அம்மாவின் சமையலுக்குக் கொடுத்த உச்ச மதிப்பெண் 'பரவாயில்லை'. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அம்மா இன்னொரு அகப்பை மீன் குழம்பு ஊற்றுவார். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு 'நொட் பாட்' புரிய அகராதி வேண்டியதில்லை. 'ஓசம்' என்று சொல்லத்தான் எனக்கு இன்னும் நாக்குக் கூசுகிறது.

இங்கே ஒரு வழக்கையும் தீர்த்துவிட விரும்புகிறேன். பிரித்தானியருடையது அசல், அமெரிக்கருடையது கெட்டுப்போனது என்று நம் பெரியவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். காலனித்துவப் பள்ளிக்கூடம் ஊட்டிய நம்பிக்கை அது. இலையுதிர் காலத்தைக் குறிக்கும் 'ஃபோல்' என்ற சொல் இங்கிலாந்தில் பிறந்து, அங்கிருந்து கப்பலேறி வந்து, பிறகு அங்கே வழக்கொழிந்தது. 'கெட்' என்ற வினைக்கு அமெரிக்கர் சொல்லும் 'கொட்டன்' என்பதும் பழைய ஆங்கிலேயரின் வடிவம்தான். பிரித்தானியர் முகம் சுளிக்கும் 'சொக்கர்' என்ற சொல்லை உருவாக்கியவர்களே அவர்கள்தான்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 'அசோசியேஷன் ஃபுட்போல்' என்பதைச் சுருக்கி ஆங்கிலேய மாணவர்கள் புனைந்தது அது. 'கலர்' என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் குறைத்தது போன்ற மாற்றங்கள் அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி வழியாக நிலைபெற்றவை என்பது உண்மைதான். அதற்காக முழு மொழியும் பிற்காலத் திரிபாகிவிடாது. யாழ்ப்பாணத்தார் 'உது' என்றும் 'உவன்' என்றும் பேசினால் தமிழ்நாட்டில் வேடிக்கையாகப் பார்ப்பவர்கள், தங்கள் பேச்சில் தொலைந்துபோன பழந்தமிழ்ச் சுட்டு அங்கே உயிரோடு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஆங்கில வழக்கும் அந்த வகைதான்.

நம் தமிழுக்குள்ளும் இந்தக் கடல் புகுந்துவிட்டது. இலண்டனில் நாங்கள் பெற்றோல் அடிப்போம், ரொறன்ரோவில் காஸ் அடிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவிடம் என் கணவர், "காஸ் அடிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். பெரியம்மா சமையலறைக்குப் போய் அடுப்பின் பின்புறமெல்லாம் தேடிவிட்டு வந்து, "சிலிண்டர் எங்கையடி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

இத்தனையும் அறிந்தவள் என்ற இறுமாப்பு எனக்குப் போன மாதம் வரை இருந்தது. இலண்டனில் பிறந்து வளர்ந்த என் மச்சாள், புதிதாக வர்ணம் அடித்த தன் சமையலறையின் படத்தை அனுப்பி எப்படி என்று கேட்டிருந்தாள். கடல் நீலத்தில் அலுமாரிகள், வெள்ளைச் சுவர், ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி. பார்த்தவுடன் மனம் நிறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'குவைட் நைஸ்' என்று எழுதி ஒரு பூவையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே வரவில்லை. மூன்றாம் நாள் வந்த செய்தியில், நீலம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று தங்களுக்கும் படுவதாகவும், வர்ணக்காரரை மறுபடி கூப்பிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாள்.