துட்டி வீட்டில் சொல்லும் வசனம்

துட்டி கேட்க, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகும் கிறிஸ்தவர்கள் ஒரே ஒரு வசனத்தை மட்டும் கொஞ்ச காலம் விட்டுவைத்தால் நல்லது. கோபப்படாதீர்கள், நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆள்தான்.

எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "தேவன் நம் திராணிக்கு மேலாகச் சோதிக்க மாட்டார்." பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இதைச் சொன்னால் என்ன அர்த்தம்? உனக்குத் தெம்பு இருந்ததால்தான் உன் பிள்ளை போனான் என்றா? இந்த வசனம் வருகிற, பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். விக்கிரகாராதனை, இச்சை, முறுமுறுப்பு என்று பாவத்தில் விழத் தள்ளும் சோதனையைப் பற்றித்தான் அங்கே பேச்சு. துட்டி வீட்டுப் பேச்சே இல்லை. அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ஆசியாவில் (இன்றைய துருக்கிப் பக்கம்) தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனது, பாரம் எங்கள் பலத்திற்கு மிஞ்சியது என்று எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே மிஞ்சியிருக்கிறது! அதற்குச் சில வரிகள் முன்னால்தான் "சகலவிதமான ஆறுதலின் தேவன்" என்று தொடங்கி, அவரிடம் பெற்ற ஆறுதலைக் கொண்டே உபத்திரவப்படுகிறவர்களைத் தேற்ற முடிகிறது என்கிறார். அடிபட்டு, தேற்றப்பட்ட ஆள் பேசுகிற பேச்சு அது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது வயது 63. அதன்பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் கட்டில்தான். படுக்கையில் இருந்த அவருக்கு, நோயாளிகளைத் தேற்றவென்று நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதிய புத்தகங்கள் ஒட்டவே இல்லை. வலியில் கிடப்பவர்களுக்கு வலியில் கிடந்தபடி தானே கடிதங்கள் எழுதினார். 1933இல் அவை புத்தகமாகவும் வந்தன. எழுந்து நடந்த பிறகு எழுதிய வெற்றிச் சாட்சி இல்லை அது. நம் சபைகளிலோ சுகமானவர்களுக்கு மட்டும்தான் மைக் கிடைக்கிறது.

என் தம்பி போனபோது வீடு நிறைய ஆட்கள். எல்லாரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. வேதாகமத்தில் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்களாவது ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பேர் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் அந்த ஏழு நாளும் கிடையாது, முதல் நாளே பிரசங்கம்.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்துத் தெரு அக்கா வந்தார். கணவரை விபத்தில் இழந்தவர். நேராக அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்து, துவையல் அரைத்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா இரண்டு வாய் குடித்ததும் சொன்னார்: "எனக்கு ரொம்ப நாளு ஜெபமே வரல சித்தி. ஆண்டவர்ட்ட நான் பேசவே இல்ல. ஆனா அவரு எங்கயும் போயிரல." அதுவரை கல்லாக இருந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

அம்மா அப்புறம் பிடித்துக்கொண்டது வேதாகமத்தின் 88ஆம் சங்கீதத்தை. கடைசி வரி வரைக்கும் விடிவே இல்லாத சங்கீதம். அதில் என்ன ஆறுதல் என்று கேட்டேன். "இப்படி ஒருத்தன் பொலம்புனதையும் கர்த்தர் தன் புஸ்தகத்துல வச்சிருக்காரே" என்றார். எந்தப் பிரசங்கியார் சொல்லியும் எனக்கு விளங்காதது அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது.

இப்போது எங்கள் பக்கம் சாவு விழுந்தால் அம்மாவும் அந்த அக்காவும் சேர்ந்தே போகிறார்கள். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. பாத்திரம் கழுவுவார்கள், வந்தவர்களுக்குக் காப்பி போடுவார்கள், ராத்திரி கூடப் படுத்துக்கொள்வார்கள். கேட்டால் மட்டும் தங்கள் கதையைச் சொல்வார்கள்.

சபைப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். துக்க வீட்டுக்கு ஆள் அனுப்பும்போது நன்றாக ஜெபிக்கிறவர் யார், பாடுகிறவர் யார் என்றுதான் பார்க்கிறீர்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் விதவைகளையும், பிள்ளையை அடக்கம் பண்ணின தகப்பன்மாரையும் கூப்பிட்டுப் பாருங்கள். எனக்குப் பேச வராது ஐயா என்று தயங்குவார்கள். பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்.