நகப்பூச்சு பூசிய தம்ளரை அவனில் (oven) வைக்காதீர்கள்

"கண்ணாடித் தம்ளரில் நகப்பூச்சால் படம் வரைந்து, அவனில் அரை மணி நேரம் வைத்தால் நிறம் அழியவே அழியாது, உட்புறமும் பூசலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

நகப்பூச்சின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ் என்ற வேதிப்பொருள். அதிலுள்ள கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றும். புட்டியின் எச்சரிக்கையைப் படித்தாலே தெரியும். சூடாக்கினாலும் அது கண்ணாடியோடு கலக்காது. மேலே ஒட்டிய படலமாகவே இருந்து, கழுவக் கழுவ உரியும்.

கடைத் தம்ளரின் பூ அழியாததற்குக் காரணம் வேறு. பொடித்த கண்ணாடியும் உலோக ஆக்சைடு நிறமிகளும் கலந்த எனாமலைப் பூசி, ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி இணைக்கிறார்கள். வீட்டு அவனோ பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும்.

எனாமல் என்றாலும் கவனம் வேண்டும். 2010இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் விற்ற ஷ்ரெக் என்ற கார்ட்டூன் திரைப்படத் தம்ளர்கள், வண்ணத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. எண்ணிக்கை சுமார் 1 கோடியே 20 லட்சம். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

வீட்டில் வரையும் ஆசை அழகானது, அதைக் கைவிட வேண்டாம். கண்ணாடிக்கென்றே விற்கும், வீட்டு அவன் சூட்டிலேயே இறுகும் அக்ரிலிக் எனாமல் வண்ணத்தை வெளிப்புறம் மட்டும், விளிம்பிலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர் விட்டுத் தீட்டுங்கள். நன்றாக உலர்ந்தபின் குளிர்ந்த அவனில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள்; அளவும் நேரமும் புட்டியில் இருக்கும். அவனிலேயே ஆறவிடுங்கள், இல்லையேல் கண்ணாடி விரிசல் விடும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.