எஞ்சின் வேலைக்குப் பின் கியர் இடித்தால் கியர்பாக்ஸ் போய்விட்டதா?

"எஞ்சின் வேலை பார்த்த ஆட்டோமேட்டிக் காரில் கியர் இடித்து மாறினால் கியர்பாக்ஸ் முடிந்தது, உடனே மாற்றிவிடுங்கள்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பிப் பெரும் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் கியர் மாற்றுவது என்பதைக் காரில் உள்ள கணினி முடிவு செய்கிறது. அதற்கு எஞ்சினிலிருந்து சரியான தகவல் வர வேண்டும். வேலை முடிந்து பூட்டும்போது காற்றளவு சென்சாரின் கனெக்டர் சரியாக மாட்டப்படாமலோ, எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் வேக்வம் குழாய் கழன்றோ, எர்த் வயர் தளர்ந்தோ இருந்தால் எஞ்சின் விசையைக் கணினி தப்பாகக் கணிக்கும், கியர் இடிக்கும். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டின் போல்ட் தளர்ந்திருந்தாலும் அதே இடிதான். பழைய வண்டிகளில் த்ராட்டிலை கியர்பாக்ஸோடு இணைக்கும் கேபிளின் அளவு மாறியிருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் கணினி கற்றுவைத்த அளவுகள் அழிந்துவிடும். நிதானமாகச் சில நாள் ஓட்டினால் மீண்டும் கற்றுக்கொள்ளும். சில மாடல்களுக்கு காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியில் ரீலேர்ன் (அளவுகளை மீண்டும் கற்பித்தல்) செய்ய வேண்டும்.

ஆகவே முதலில் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் பாருங்கள், பிறகு கியர்பாக்ஸ் ஆயிலின் அளவையும். ஆயில் கருகி நாறினாலோ உலோகத் துகள் தெரிந்தாலோ கியர்பாக்ஸின் உள்ளே கோளாறு இருக்குமோ எனச் சந்தேகப்பட வேண்டும். எஞ்சினையே இறக்கி ஏற்றியிருந்தால் ஒரு விதிவிலக்கு: எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் முழுதாக உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.