யூரோப்பாவுல மீன் இருந்தா உங்களுக்கு என்ன சார்?

பேசாம இருந்துடலாம்னுதான் நினைச்சேன். ஆனா நேத்து ராத்திரி நம்ம சாரே என் இங்கிலீஷ் வகுப்பு வீடியோவை ஷேர் பண்ணி, "லீவ் லெட்டர் எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு வேற்றுக்கிரகவாசிப் பாடம்! வாழ்க அரசுப் பள்ளி!"ன்னு எழுதியிருக்கார். கூடவே சிரிப்புப் பொம்மை. யாருன்னு உங்களுக்கே தெரியும், பேர் சொல்லல.

அந்தத் துண்டு வீடியோவுல ஒரு பொண்ணு எழுந்து "தே மஸ்ட் பி பிளைண்ட்"னு சொல்றா, பசங்க சிரிக்கிறாங்க, நான் கை தட்டுறேன். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணல.

எட்டாம் வகுப்பு. வியாழனோட நிலா யூரோப்பா படத்தைப் போர்டுல ஒட்டினேன். மேல பல கிலோமீட்டர் கனத்துக்குப் பனி, அதுக்கடியில உப்புக்கடல். பூமியில இருக்கற கடல் மொத்தத்தைவிட ரெண்டு மடங்கு தண்ணி இருக்கலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. அதைப் பார்க்க 2024 அக்டோபர்ல நாசா அனுப்பின யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030லதான் போய்ச் சேரும்னு சொன்னேன். ஊகிச்சுச் சொல்ல உதவற மே, மைட், குட் (could), மஸ்ட், கான்ட், அஞ்சு வார்த்தையையும் எழுதிப் போட்டேன். ஒருத்தன் "தேர் மைட் பி ஃபிஷ்"னான். அந்தப் பொண்ணு, "தே மஸ்ட் பி பிளைண்ட் மிஸ், நோ லைட் அண்டர் தி ஐஸ்"னா. உடனே கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு குரல்: "நோ மிஸ், தே மே ஹேவ் லைட் இன் பாடி." அவன் அப்பா கடலுக்குப் போறவர். ராத்திரி வலை இழுக்கறப்போ தண்ணி மினுங்கறதைப் பார்த்து வளர்ந்தவன். வருகைப் பதிவுக்கு "எஸ் மிஸ்" சொல்றதைத் தவிர என் வகுப்புல அவன் இங்கிலீஷ்ல வாயே திறந்ததில்ல. நான் கை தட்டாம என்ன செய்யணும்?

ஊகிக்கறதுதான் சார் பேச்சு. விடை தெரிஞ்ச கேள்வியா கேட்டுக்கிட்டே இருந்தா பிள்ளைங்க ஒப்பிக்கத்தான் செய்யும். யூரோப்பாவைப் பத்தி எனக்கும் விடை தெரியாது, அதனால என் முகத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்ல.

விஞ்ஞானிகளுக்குள்ள நடக்கறதும் இதே சண்டைதான். 124 ஒளியாண்டு தூரத்துல கே2-18பி (K2-18b)ன்னு ஒரு கோள். பூமியில கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்கற ஒரு வாயுவோட அறிகுறி அங்க தெரியுதுன்னு 2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானி மதுசூதன் குழு சொல்லுச்சு. ஆதாரம் போதாதுன்னு மத்தவங்க மறுத்தாங்க. 'மைட்' சொல்லலாமா, 'மஸ்ட்' சொல்ற அளவுக்கு ஆதாரம் இருக்கான்னுதானே அவங்களும் அடிச்சுக்கிட்டாங்க? அவங்க செஞ்சா ஆராய்ச்சி, என் பிள்ளைங்க செஞ்சா காமெடி.

லீவ் லெட்டர் விஷயத்துக்கு வர்றேன். எழுதறாங்க சார், பிரமாதமா எழுதறாங்க. கால் உடைஞ்சாலும் அக்கா கல்யாணம்னாலும் "அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"தான். மொத்த வகுப்புக்கும் ஒரே காய்ச்சல். அதைத்தான் இங்கிலீஷ்னு நினைச்சுட்டு இருக்கீங்க.

பரீட்சைக்கு வருமான்னு கேக்கறவங்களுக்கு: அந்த அஞ்சு வார்த்தையும் இலக்கணப் பாடத்துலயே இருக்கு, புஸ்தகத்தைத் திறந்து பாருங்க. இது சயின்ஸ் டீச்சர் வேலைன்னு ஒருத்தர். சரி, அவங்ககிட்டயே போய்க் கேளுங்க. நாலு பேர்தான் பேசறாங்க, மிச்சப் பேர் வேடிக்கை பாக்கறாங்களேன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. பார்க்கலாம்மா.

காலேஜ் முடிச்சதும் சென்னையில ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். "மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சு முழுசும் மனப்பாடம். அதுக்கப்புறம் ஒருத்தர் கேட்டார், அம்பது வருஷம் கழிச்சு உங்க ஊர் எப்படி இருக்கும்? எனக்குச் சொல்ல விஷயம் இருந்துச்சு சார். எங்க தெருவுலேர்ந்து பார்த்தா கடல் வருஷா வருஷம் கிட்ட வர்றது தெரியும். தமிழ்ல கேட்டிருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பேன். வாக்கியத்தை எப்படித் தொடங்கறதுன்னு தெரியாம நின்னேன். அவர் பக்கத்துல இருந்தவரைப் பார்த்துச் சிரிச்சார். உங்க பொம்மை போட்டிருக்கே, அச்சு அசல் அதே சிரிப்பு.

ஃபீஸ் கட்டற பள்ளிக்கூடத்துல இதே வகுப்பு நடந்திருந்தா என்ன பேர் வச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கிரியேட்டிவ் திங்கிங். போஸ்டர் அடிச்சு அட்மிஷனுக்கு மாட்டியிருப்பாங்க. எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் லீவ் லெட்டர், பேங்க் ஃபாரம், அவ்வளவு இங்கிலீஷ் போதும். மங்கள்யான்ல மீத்தேன் தேடற கருவி ஒண்ணு செவ்வாய்க்குப் போச்சு. அங்க உயிர் இருக்குமோங்கற கேள்விதான் அதுக்குப் பின்னாடி. அந்தத் திட்டத்தை முன்ன நின்னு நடத்தினவங்கள்ல ஒருத்தர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர், தமிழ்வழியில படிச்சவர். இதை எனக்கு முதல்ல சொன்னதே நீங்கதான் சார், ஒரு மேடையில. நான் முன்வரிசையில உக்காந்து கேட்டேன்.

என்னைக் கிண்டல் பண்ணுங்க, பழகிடுச்சு. ஆனா அந்த வீடியோவுல அவ முகம் பளிச்சுனு தெரியுது. எட்டாவது படிக்கற பொண்ணு. இன்னைக்கு அவங்க அம்மா வந்து, "என்ன தப்பு டீச்சர் செஞ்சா, ஊரே சிரிக்குது"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. பதிவை நீக்கச் சொல்லல. அந்த முகத்தையாவது மறைச்சுப் போடுங்க.