குச்சிக்கு உயிர் இருக்கிறதா?

மூன்றாம் வகுப்பு அறிவியலில் சுலபமான பாடம் எது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் "உயிருள்ளவை, உயிரற்றவை" என்றுதான் சொல்வார். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் மாடு, நாய், மீன், மரம். அந்தப் பக்கம் கல், நாற்காலி, பேனா, பந்து. பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள், பார்த்து எழுதுவார்கள். ஒரு பீரியடில் பாடம் முடிந்துவிடும். சத்துணவு மணி அடிப்பதற்குள் நோட்டுகளையும் திருத்திவிடலாம்.

தொடக்கப் பள்ளியில் இதைவிடக் கடினமான பாடம் இல்லை என்று இப்போது சொல்கிறேன். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், சிவப்பு மையால் நானே போட்ட ஒரு பெருக்கல் குறிதான் எனக்கு இதைப் புரியவைத்தது.

பத்துப் பொருள்களைக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தேன். அதில் ஒன்று குச்சி. ஒரு சிறுமி அதை உயிருள்ளவையில் எழுதியிருந்தாள். தவறு போட்டேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எந்தக் குச்சி டீச்சர்?"

"எந்தக் குச்சியாக இருந்தால் என்ன கண்ணு? குச்சி குச்சிதானே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பைக்குள்ளிருந்து சாண் நீளத்துக்கு ஒரு குச்சியை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். விறகுக்கட்டில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சாம்பலும் பழுப்புமான தோல், அரை விரலுக்கு ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் இலை உதிர்ந்த தழும்பு. ஒரு கணுவுக்குப் பக்கத்தில் நகத்தால் கீறினாள். மேல்தோல் காகிதம்போல் சுருண்டது. அடியில் பச்சை. அந்தப் பச்சையிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் மெதுவாகத் திரண்டு நின்றது.

"பால் வந்தால் உயிர் இருக்கிறது டீச்சர். வரவில்லை என்றால் அடுப்புக்கு."

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவது இந்தக் கிழங்குதான். கிழங்கைப் பிடுங்கிய பிறகு தண்டுகளைக் கட்டி மர நிழலில் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். இலை கிடையாது, வேர் கிடையாது. அடுத்த நடவு வரும்போது அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி நடுவார்கள். நடுவதற்கு முன்னால் அவளுடைய அப்பா அரிவாளால் லேசாகக் கொத்திப் பால் பார்ப்பார். எட்டு வயதுப் பெண்ணிடம் உயிரைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையே இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு பட்டியல். மதிப்பெண் போடும் பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆசிரியர் பயிற்சியில் கற்றல் கோட்பாடுகளை நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தாம். பியாஜே என்றால் நான்கு பருவங்கள், வைகாட்ஸ்கி என்றால் அண்மை வளர்ச்சி மண்டலம் (பிள்ளை தனியாகச் செய்ய முடியாமல், பிறர் துணையோடு செய்யக்கூடியவற்றின் எல்லை), பாவ்லோவ் என்றால் நாய், ஸ்கின்னர் என்றால் எலி. பத்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தோம். அந்தப் பியாஜே செய்த வேலை என்ன என்பதைப் பள்ளியில் சேர்ந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் நிதானமாகப் படித்தேன். சுவிட்சர்லாந்துக்காரரான அவர் 1920களில் குழந்தைகளை உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளில் ஒன்று நம்முடைய இதே பாடம். சூரியனுக்கு உயிர் உண்டா? காற்றுக்கு? சைக்கிளுக்கு? மிகச் சிறிய குழந்தைகளுக்கு ஏதாவது வேலை செய்கிற எல்லாமே உயிருள்ளவை. கொஞ்சம் வளர்ந்தால் அசைவதெல்லாம் உயிருள்ளவை. இன்னும் வளர்ந்தால் தானாக அசைவது மட்டும். அதற்கும் பிறகுதான் விலங்கும் செடியும். கடைசிப் படிக்குப் பலரும் வந்து சேர்வது பதினோரு வயதை ஒட்டி என்றார் அவர். இந்த வயதுக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகக் கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்கும் நிறையவே தெரிகிறது என்று காட்டினார்கள். ஆனால் அவர் கேட்டார். நாம் கேட்பதே இல்லை.

கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். "ஏற்காடு பஸ்ஸுக்கு உயிர் இருக்கிறதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். பள்ளி வாசலைத் தாண்டித்தான் அந்த பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறப் போகும். ஒருவன் எழுந்தான்: டீசல் குடிக்கிறது, புகை விடுகிறது, வளைவில் கத்துகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, அதனால் உயிர் உண்டு. பாடநூல் சொல்லும் பண்புகளைத்தான் அவன் வரிசையாகச் சொன்னான். உணவு, கழிவு, துலங்கல், சுவாசம், இடப்பெயர்ச்சி எல்லாம் வந்துவிட்டன. எதிர்க்கட்சிக்காரி ஒருத்தி "பஸ் குட்டி போடாதே" என்றாள். அவன் யோசிக்கவே இல்லை. "மினி பஸ்?" என்றான்.

சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "மினி பஸ் வளர்ந்து பெரிய பஸ் ஆகுமா?" அந்த ஒரு கேள்வியில் வகுப்பே திரும்பியது. நான் சொல்லியிருந்தால் மணி அடித்ததும் மறந்திருப்பார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தாவரத்துக்கு உயிர் உண்டு என்று நிரூபிக்கத் தொட்டாற்சிணுங்கியைக் காட்டுவது நம்மிடம் ஒரு வழக்கம். பார்க்க அழகுதான். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். ஆனால் அசைந்தால்தான் உயிர் என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது என்ன சொல்கிறது? "நீ நினைத்தது சரி, இந்தச் செடி அசைகிறது, ஆகவே உயிருள்ளது." அப்படியானால் பக்கத்தில் அசையாமல் நிற்கும் சில்வர் ஓக் மரம்? தவறான எண்ணத்தை நாமே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம். புதிதாக எதையும் சொல்வதற்கு முன்னால் குழந்தைக்கு ஏற்கனவே தெரிந்தது என்ன என்று பார், அங்கிருந்து தொடங்கு என்று ஆசுபெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் எழுதினார். அதையும் நாங்கள் மனப்பாடம் செய்தோம்!

தமிழ்க் குழந்தைக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் இலக்கணம் உலகத்தை உயிருள்ளது, உயிரில்லாதது என்று பிரிக்கவில்லை. உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. மாடு வந்தது, பஸ் வந்தது, மழை வந்தது. மூன்றுக்கும் ஒரே வினைமுற்று. மரமும் கல்லும் ஒரே திணை. குழந்தை அழுதது என்கிறோம், அதுகூட அஃறிணை முடிவுதான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து பிள்ளை பழகிய கோடு வேறிடத்தில் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் நாம் புதிதாக ஒரு கோடு போடுகிறோம் என்பதை நாமே உணர்வதில்லை. போதாக்குறைக்கு, "உயிருள்ளவை எத்தனை தெரியுமா?" என்று நான் ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்கப்போக, முதல் வரிசையிலிருந்து "பன்னிரண்டு" என்று பதில் வந்தது. அ முதல் ஔ வரை.

இது நம் மொழிக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்கவேண்டாம். ஹீப்ரு மொழியில் விலங்கு என்ற சொல்லும் உயிருள்ள என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருபவை. இஸ்ரேல், ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1993இல் வந்தது. செடிக்கு உயிர் உண்டு என்று சொல்லத் தயங்கியவர்கள் இஸ்ரேல் குழந்தைகளே அதிகம். நாமும் பிராணனிலிருந்து பிராணி என்ற சொல்லை எடுத்து, அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்துவிட்டு, செடியை வெளியே நிறுத்திவிட்டோம்.

ஆனால் அதே தமிழில்தான் வயலில் நின்றுகொண்டு "நாற்று உயிர் பிடித்துவிட்டது" என்கிறோம். நட்டு நான்கைந்து நாள் தொய்ந்து கிடந்த பயிர் ஒரு காலையில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து வருகிற சொல் அது. குச்சி கொண்டுவந்த சிறுமியின் வீட்டில் இது அன்றாடப் பேச்சு. சேலம் நகரத்துக்குள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் என் அக்காள் பேத்திக்கு இது கேட்டிராத சொல். அவளுக்குத் தாவரங்கள் உயிருள்ளவை என்பது மதிப்பெண் வாங்கித்தரும் ஒரு வாக்கியம்.

ஜப்பானில் கயோகோ இனகாகி என்பவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் தங்கமீன் வளர்த்த மழலைகளையும் வளர்க்காத மழலைகளையும் எடுத்துக்கொண்டார். மீனைப் பற்றி வளர்த்தவர்களுக்கு அதிகம் தெரியும், அதில் அதிசயம் இல்லை. அவர்கள் வளர்த்தே இராத தவளையைப் பற்றிக் கேட்டார். தவளைக்குஞ்சை அப்படியே சின்னதாகவே வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது, என் மீன் பெரிதானதுபோல் அதுவும் பெரிதாகும் என்கிற தினுசில் மீன் வளர்த்த பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஓர் உயிரைக் கையில் வைத்து வளர்த்த பிள்ளை அடுத்த உயிரை ஊகிக்கிறது. நம் அடிவாரத்துப் பிள்ளைகள் கோழி, ஆடு, குச்சிக்கிழங்கு, காப்பி நாற்று எல்லாவற்றோடும் வளர்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் படம் ஒட்டிய அட்டையைக் கொடுக்கிறோம்.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் வந்தபோது நான் மகிழ்ந்தவள். தரையில் பாய், கையில் பாட அட்டை, கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, அவரவர் வேகத்தில் படிப்பு. இன்றும் அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் இந்தப் பாடத்துக்கு அட்டை போதாது. அட்டையிலிருக்கும் செடி முளைக்காது.

அடுத்த வருடம் பட்டியலை விட்டுவிட்டேன். சந்தேகத்துக்கு இடமானவற்றை மட்டும் மேசையில் பரப்பினேன். மரவள்ளிக் குச்சி, அதே கிழங்கிலிருந்து வந்த ஜவ்வரிசி, மாங்கொட்டை, கேழ்வரகு, காய்ந்த சருகு, பாசி படர்ந்த கல், சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு பச்சை முட்டை, ஒரு வேகவைத்த முட்டை. முட்டைச் சண்டை அரைநாள் ஓடியது. வேகவைத்தது செத்துவிட்டது என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. பச்சை முட்டைக்கு உயிர் உண்டா? "அடைக்கு வைத்தால் உண்டு" என்றது ஒரு தரப்பு. "கடை முட்டையை அடைவைத்தாலும் கூமுட்டைதான், சேவல் இல்லாத பண்ணை முட்டை" என்றான் கோழிப்பண்ணையில் வேலை செய்பவரின் மகன். எனக்கு வேர்த்துவிட்டது. கூமுட்டை என்ற சொல்லைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்திவந்தவள் நான்.

சருகில்தான் எனக்கு வேலை இருந்தது. அதற்கு உயிர் இருந்தது, இப்போது இல்லை. கல்லுக்கு எப்போதுமே இல்லை. இரண்டையும் உயிரற்றவை என்ற ஒரே பெட்டியில் போட்டு வந்திருக்கிறோம். மூன்றாவது பெட்டி வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கேட்கும்வரை காத்திருந்து, கேட்டதும் சொல் கொடுத்தேன். வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்: வீட்டிலிருந்து வரும் அறிவு கீழிருந்து மேலே ஏறுகிறது, பள்ளியின் கருத்து மேலிருந்து கீழே இறங்குகிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஆசிரியர் நிற்கவேண்டும். பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, காசநோயால் 37 வயதில் இறந்துபோன மனிதர். நாம் அவரை ஒரு மண்டலத்தின் பெயராக்கி வைத்திருக்கிறோம்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடத்திட்டத்தை யார் முடிப்பது?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். உயிர் நாற்பது நிமிடத்தில் தன்னைக் காட்டாது என்பதுதான் என் பதில். கணக்குப் பாடத்துக்கும் தமிழுக்கும் நடுவே தினமும் இரண்டு நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான் செலவு.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மண்ணைக் கொத்தி, பதின்மூன்று குச்சிகளை நட்டோம். பக்கத்தில் ஒரு தயிர் டப்பாவில் ஜவ்வரிசியையும் விதைத்தே தீரவேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தான். அது இரண்டு நாளில் கூழாகி, எறும்புக்குப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் ஒரு குச்சியின் மேல்கணுவில் சிவப்பும் பச்சையுமாக ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. மூன்று வாரத்தில் ஒன்பது குச்சிகள் துளிர்த்துவிட்டன. நான்கு அப்படியே நின்றன.

அந்த நான்கும் நடும்போதே செத்திருந்தனவா, நட்ட பிறகு செத்தனவா என்று புதிய வழக்கு ஆரம்பித்தது. கரையான் வந்துவிடும், பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று நான் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து நகத்தால் குச்சியைக் கீறியது. கொஞ்சநேரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"இதில் இன்னும் ஈரம் இருக்கிறது டீச்சர், விடுங்கள்" என்றாள். விட்டுவிட்டேன்.