பத்து நாள் பொறுத்தா என்ன குறைஞ்சுடும்?

நேத்து நம்ம குரூப்ல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், திரும்பவும் முழுசா சொல்லப் போறதில்ல. "துப்பாக்கி வாங்கப் போனா இந்த வாஷிங்டன் ஸ்டேட் என்னைக் குற்றவாளி மாதிரி நடத்துது"ன்னு அண்ணா எழுதினதுக்கு, பத்து நாள் பொறுங்கண்ணான்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன். அதுக்கு "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்"னு ஒருத்தர், அதுக்குக் கீழ வரிசையா லைக். எனக்கு என்ன தெரியும்னு சொல்றேன்.

2024 ஜனவரி 1-லேருந்து இங்க கடையில எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் பயிற்சி எடுத்த சர்டிபிகேட் காட்டணும், பேக்ரவுண்ட் செக் (துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவரான்னு பின்னணி பார்க்கறது) முடியணும், பத்து வேலை நாள் போகணும், அப்புறம்தான் கைக்கு வரும். செக்குக்கு 18 டாலர். இவ்வளவுதான். விசா ஸ்டாம்பிங்குக்கு மாசக்கணக்குல காத்துக் கிடந்தோமே, அப்ப யாராவது வாயைத் திறந்தோமா? நாடு முழுக்க இருக்கற ஃபெடரல் சட்டத்துல செக் முடியலைன்னாலும் மூணு வேலை நாள் தாண்டிட்டா கடைக்காரர் கொடுத்துடலாம். 2015-ல சார்ல்ஸ்டன் சர்ச்சுல 9 பேரைச் சுட்டவனுக்குத் துப்பாக்கி அப்படித்தான் கிடைச்சது. இந்த ஸ்டேட்ல இப்ப அது நடக்காது, செக் முடியாம கொடுக்கவே முடியாது.

இந்தச் சட்டமெல்லாம் துப்பாக்கிக் கடைக்காரங்க வயித்துல அடிக்குதுன்னு சொன்னீங்க. அதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. 2023 ஏப்ரல் 25 கவர்னர் கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஏஆர்-15 மாதிரி, ராணுவத் துப்பாக்கி சாயல்ல இருக்கற ரைபிள் எல்லாம் இங்க விற்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு, அலமாரியில வச்சிருந்தவங்க கதி என்ன? அதுக்கப்புறம் கேமரா, அலாரம், இன்சூரன்ஸ்னு டீலர்களுக்குத் தனியா ஒரு சட்டம். நான் பயிற்சி எடுத்த சின்னக் கடைக்காரர் (ஆமா, நானும் பயிற்சி எடுத்திருக்கேன்) கவுண்டருக்கு மேல இருந்த புது கேமராவைக் காட்டி, செலவு முழுக்க என் தலையிலன்னு வருத்தப்பட்டார். அதே மனுஷன்தான், "முகத்தைப் பார்த்தே சில பேருக்கு இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கேன், இப்ப அந்தப் பாரம் என் மேல மட்டும் இல்ல"ன்னும் சொன்னார். ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க.

பத்து நாள்ல என்ன மாறும்னு கேக்கறீங்களே. 2017-ல ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல ஒருத்தன் இருந்தான், இங்கயே பிறந்து வளர்ந்தவன், விவாகரத்து நடந்துக்கிட்டிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போய் ஷாட்கன் வாங்கினான். அப்ப அதுக்கு வெயிட்டிங் எல்லாம் கிடையாது, செக் முடிஞ்சா அன்னைக்கே கையில கொடுத்துடுவாங்க. அன்னைக்கு ராத்திரியே அவன் இல்ல. செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு அவனோட மீட்டிங், அவனே அனுப்பின இன்வைட்டு. அவன் சீட்டு காலியா கிடக்குது, ஒன்னே முக்காலுக்கு என் போன்ல ரிமைண்டர் அடிக்குது. பத்து நாள் இருந்திருந்தா அவங்க அம்மா வந்திருப்பாங்க, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன்னு சொன்னவன் வந்திருப்பான், யாராவது ஒருத்தர் அவன் முகத்தைப் பார்த்திருப்போம். இந்த நாட்டுல துப்பாக்கியால போற உயிர்ல பாதிக்கு மேல தற்கொலைதான். அதனாலதான் பொறுங்கன்னு சொன்னேன், உங்களைக் குற்றவாளின்னு சொல்லலண்ணா.

திருடன் கடையிலயா வாங்கறான்னு கேட்ட தம்பிக்கு: நான் திருடனைப் பத்திப் பேசவே இல்லப்பா.

அடிக்கற புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு வந்த பொண்ணு பத்து நாள் என்ன பண்ணுவான்னு ஒரு அக்கா கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. ராத்திரி பூரா யோசிச்சேன். அந்தப் பொண்ணுக்கு வேற வழி இந்த ஸ்டேட் செஞ்சு கொடுக்கணும்தான், ஆனா அவளைக் காட்டி மத்த எல்லாருக்கும் அன்னைக்கே கொடுன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

2027 மே 1-லேருந்து வாங்கறதுக்கே பெர்மிட் வேணும், கைரேகை கொடுக்கணும், சுட்டுப் பழகின பயிற்சி வேணும். அப்ப இன்னும் பெரிய சண்டை வரும்னு தெரியும். அப்பவும் இதையேதான் சொல்வேன். அரசியலுக்காகன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க, அந்த ரிமைண்டர் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்காது.

அண்ணா, என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி முழுக்க நின்னவர் நீங்க. அந்த உரிமையிலதான் அந்த வரியை எழுதினேன். "இந்தம்மா"ன்னு அவர் சொன்னப்ப நீங்களும் அதுக்கு லைக் போட்டிருந்தீங்க, அதைப் பார்த்தேன். நீங்க பணம் கட்டி ஆறு வேலை நாள் ஆச்சுன்னு அண்ணி சொன்னாங்க. மீதி நாலு நாள் போகட்டும், வாங்கிட்டு வாங்க, பூட்டி வைக்க நல்ல லாக்கர் எதுன்னு நானே சொல்றேன். அதுவரைக்கும் நான் அந்த குரூப் பக்கம் வரல.